வார்டு தேர்தலில் ஓட்டு எங்கே தவறிப்போகிறது?

2022 மார்ச் தொடக்கத்தில் பொறுப்பேற்ற சென்னை மாநகராட்சி மன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சோடு முடிகிறது. அதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். போன தடவை நடந்தது என்னவோ வேறு. 2016 அக்டோபரில் பழைய மன்றத்தின் காலம் முடிந்தபின், ஐந்து ஆண்டுக்கும் மேலாக அரசு நியமித்த தனி அதிகாரிதான் எல்லாம். தெருவிளக்கு எரியவில்லை, மழைநீர்க் கால்வாய் அடைத்துக்கொண்டது என்று சொல்ல வார்டில் ஓர் ஆள் இல்லை. அப்படிக் காத்துக் கிடந்து 2022 பிப்ரவரி 19 அன்று தேர்தல் வந்தபோது, மாநில அளவில் வாக்குப்பதிவு 60 சதவீதத்தைத் தாண்டியது. சென்னை 44-ஐக்கூடத் தொடவில்லை.

வராதவர்கள் எல்லாரும் அக்கறையில்லாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. பூத் வாசல்வரை வந்து, பட்டியலில் பெயர் இல்லை என்று திரும்பிப் போனவர்களும் அதில் அடக்கம். தேர்தல் பணிக்குப் போகிறவர்களுக்கு இது புதிதல்ல. வார்டு தேர்தலில் ஓட்டு தவறுவது பெரும்பாலும் மிஷினுக்கு வெகுமுன்பே, பட்டியலிலும் வார்டு எல்லையிலும் நடந்துவிடுகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலை நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம். கவுன்சிலர் தேர்தலை நடத்துவது தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம். இரண்டும் தனித்தனி அமைப்புகள், தனித்தனி விதிகள். ஆனால் மாநில ஆணையம் தனக்கென்று வீடு வீடாகப் போய்ப் பட்டியல் எடுப்பதில்லை. சட்டமன்றப் பட்டியலை வாங்கி, தெருவாரியாக வெட்டி, வார்டு வார்டாக ஒட்டுகிறது. சட்டமன்றப் பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு வார்டு பட்டியலிலும் பெயர் வராது. 2025 நவம்பரில் தொடங்கிய, வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் கணக்கெடுப்புப் படிவம் கொடுக்காதவர்களின் பெயர் வரைவுப் பட்டியலில் இடம்பெறவில்லை. அதனால் "போன தடவை போட்டேனே, பேரு இருக்கும்" என்ற நம்பிக்கை இந்த முறை செல்லாது. அடையாள அட்டை பத்திரமாகக் கையில் இருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஓட்டு இல்லை. புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, முகவரி மாற்றத்துக்கும் திருத்தத்துக்கும் படிவம் 8. இதைத் தேர்தல் அறிவிப்பு வந்தபிறகு செய்துகொள்ளலாம் என்று விடாதீர்கள்.

அடுத்தது எல்லை. வடசென்னையில் இந்தச் சிக்கல் மற்ற பகுதிகளைவிட அதிகம், அதற்குக் காரணமும் உண்டு. திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் எல்லாம் 2011 வரை தனித்தனி நகராட்சிகள். அவற்றுக்கென்று சொந்த வார்டுகள், சொந்தத் தலைவர்கள். மாநகராட்சியோடு இணைத்தபோது 155 வார்டு 200 ஆனது, எண்கள் தலைகீழாக மாறின. அதற்குப் பிறகு வார்டு எல்லைகளின் மறுவரையறையும் நடந்தது. 2022 தேர்தல் கணக்குப்படி திருவொற்றியூர் மண்டலம் 1 முதல் 14, மணலி 15 முதல் 21, மாதவரம் 22 முதல் 33, தண்டையார்பேட்டை 34 முதல் 48, ராயபுரம் 49 முதல் 63, திரு.வி.க. நகர் 64 முதல் 78. பெரியவர்கள் இன்னும் பழைய எண்ணைத்தான் சொல்கிறார்கள். பிள்ளைகள் அதைக் கேட்டு, அந்த எண்ணில் பெயரைத் தேடிவிட்டு "காணோம்" என்று விட்டுவிடுகிறார்கள்.

எல்லை பல இடங்களில் தெருவின் நடுவே போகும். இந்தப் பக்கம் ஒரு வார்டு, எதிர்வீடு வேறு வார்டு. இதில் பழைய எண், புதிய எண் விவகாரமும் சேரும்போது குழப்பம் முற்றுகிறது. ஓர் உதாரணம்: வாசலில் "ப.எண் 14, பு.எண் 31" என்று எழுதியிருக்கும் வீடு. அப்பா, அம்மா பெயர் 14-ஆம் எண்ணில் பதிவாகியிருக்கும், பிற்பாடு சேர்த்த மகன், மருமகள் பெயர் 31-இல். தெருவைக் கதவெண்படி வெட்டும்போது 14 ஒரு துண்டிலும் 31 இன்னொரு துண்டிலும் விழுந்தால், ஒரே வீட்டில் இரண்டு வார்டு, இரண்டு பூத். வார்டுவாரிப் பட்டியல் வெளியானதும் மண்டல அலுவலகத்தில் பார்வைக்கு வைப்பார்கள். குடும்பத்தில் ஒருவர் போய் எல்லார் பெயரையும் சேர்த்துப் பார்த்துவிட்டால், ஆட்சேபம் சொல்ல நேரம் இருக்கும்.

நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் (பழைய குடிசை மாற்று வாரியம்) குடியிருப்புகளில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பழைய பிளாக்கை இடித்துப் புதிதாகக் கட்டும்வரை ஆளுக்கொரு பக்கம் வாடகைக்குப் போயிருப்பார்கள். பட்டியல் சரிபார்க்க வருபவர் இடித்த இடத்தைப் பார்த்து "இடம்பெயர்ந்தவர்" என்று குறித்துக்கொண்டு போனால் பெயர் நீக்கப்படலாம். வீடு திரும்பக் கிடைக்கும் என்பதற்கான ஒதுக்கீட்டுக் கடிதத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு வாக்குச்சாவடி நிலை அலுவலரை முன்கூட்டியே பாருங்கள். பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டு, அங்கே பெயரையும் மாற்றிக்கொண்டவர்களின் நிலை வேறு: பெரும்பாக்கம் ஊராட்சி. அவர்களுக்கு இனி ஊராட்சித் தேர்தல்தான், மாநகராட்சி ஓட்டு கிடையாது. கண்ணகி நகருக்குப் போனவர்கள் மாநகராட்சிக்குள்தான், ஆனால் வார்டு வேறு.

வேட்பாளராக நிற்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும், பெயர் மாநகராட்சிப் பட்டியலில் இருக்க வேண்டும். முன்மொழிபவர் மட்டும் அந்த வார்டின் வாக்காளராகவே இருக்க வேண்டும். எல்லைத் தெருவில் குடியிருப்பவரை அழைத்துப்போய் மனு தள்ளுபடியாவது இங்கேதான். 2022-இல் சென்னையில் டெபாசிட் 4,000 ரூபாய், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 2,000. செலவு வரம்பு 90,000. தோற்றவரும் செலவுக் கணக்கைக் காட்டியே ஆக வேண்டும். காட்டாவிட்டால் தகுதி நீக்கம் உண்டு, இது தெரியாமல் அடுத்த வாய்ப்பை இழக்கும் சுயேச்சைகளை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

வாக்குப்பதிவு நாளுக்கு வருவோம். சட்டமன்றத்துக்குப் போட்ட அதே பள்ளிக்கூடம்தான் என்று நினைத்துப் போகாதீர்கள். வார்டு தேர்தலுக்கு பூத் மாறும். சில இடங்களில் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று தனித்தனி பூத்தும் உண்டு. பூத் சிலிப் வழிகாட்டத்தான், அது அடையாளச் சான்று ஆகாது. ஓட்டும் ஒன்றே ஒன்றுதான். 2011-இல் மேயருக்குத் தனியாகவும் கவுன்சிலருக்குத் தனியாகவும் போட்ட ஞாபகத்தில் இரண்டாவது மிஷினைத் தேடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இப்போது மேயரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். 2022-இல் நோட்டா பொத்தானும் கிடையாது, யாருக்குப் போட்டோம் என்று காட்டும் சீட்டு இயந்திரமும் கிடையாது.

சீட்டு இல்லாததால்தான் அறைக்குள் நடக்கும் காகிதவேலை இவ்வளவு முக்கியமாகிறது. காலையில் வேட்பாளர்களின் ஏஜென்ட்டுகள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு நடக்கும். ஒவ்வொரு பொத்தானையும் அழுத்தி, முடிவைக் காட்டி, பிறகு 'கிளியர்' செய்து பூஜ்யத்தைக் காட்ட வேண்டும். அவசரத்தில் கிளியர் செய்ய மறந்தால் மாலையில் கணக்கு இடிக்கும். 'ஏழு மணிக்கு வந்தால் போதும்' என்று வரும் ஏஜென்ட், நாளின் மிக முக்கியமான அரை மணி நேரத்தைக் கோட்டைவிட்டவர்.

முதல் அலுவலர் உங்கள் வரிசை எண்ணையும் பெயரையும் உரக்கப் படிக்க வேண்டும். அது ஏஜென்ட்டுகள் கேட்பதற்காகத்தான். முணுமுணுத்தால் சத்தமாகப் படிக்கச் சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு. கள்ள ஓட்டு தடுக்கப்படுவது அந்தச் சில வினாடிகளில்தான். இரண்டாவது அலுவலர் இடது ஆள்காட்டி விரலில் மை வைத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார். மூன்றாமவர் கட்டுப்பாட்டுக் கருவியில் 'பேலட்' பொத்தானை அழுத்துவார். மறைப்புக்குள் இருக்கும் கருவியில் பச்சை விளக்கு எரிந்தபிறகு அழுத்துங்கள். சின்னத்துக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிந்து, நீளமாகச் சத்தம் வந்தால்தான் ஓட்டு விழுந்தது. வயதானவர்கள் பச்சை வருமுன் அழுத்திவிட்டு வெளியே வந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. சத்தம் கேட்காமல் வெளியே வராதீர்கள்.

உங்கள் பெயரில் வேறு யாரோ போட்டுவிட்டார்கள் என்றால் சண்டை போட்டுத் திரும்ப வேண்டாம். அடையாளத்தைக் காட்டித் தலைமை அலுவலரிடம் 'டெண்டர் ஓட்டு' கேளுங்கள். மிஷினில் அல்லாமல் தாள் ஓட்டாகத் தருவார்கள், தனி உறைக்குள் போகும். எண்ணிக்கை நாளில் அதை எண்ணமாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் நூலிழையில் முடிந்த வார்டில் வழக்கு வந்தால் நீதிமன்றத்தின் கையில் இருக்கும் சாட்சி அது. கைகலப்பும் மிஷின் சேதமும் நடந்தால் மறுவாக்குப்பதிவு வரை போகும். 2022 பிப்ரவரி 21 அன்று மாநிலத்தில் ஏழு பூத்துகளில் திரும்ப ஓட்டுப் போட வேண்டி வந்தது, அதில் ஒன்று ராயபுரம் மண்டலத்தின் 51-ஆவது வார்டில்.

மீன்பிடித் துறைமுகம் உள்ள காசிமேட்டில் ஒரு தனிச் சிரமம் உண்டு. தபால் ஓட்டு தேர்தல் பணியாளர்களுக்குத்தான், கடலில் இருப்பவருக்கு இல்லை. 2022-இல் தேர்தல் நடந்த பிப்ரவரி மீன்பிடிக் காலம். தடைக்காலம் ஏப்ரல் 15-இல்தான் தொடங்கும். நாள்கணக்கில் தங்கும் விசைப்படகுகள் தேதி தெரிந்தவுடனே பயணத்தைத் திட்டமிட்டால்தான் கரையில் இருக்க முடியும். மணலி, எண்ணூர் பக்கம் ஷிப்ட் வேலை செய்பவர்கள் இரவு ஷிப்ட் முடிந்து நேராக பூத்துக்குப் போய்விடுவது நல்லது. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் அவ்வளவுதான்.

மாலையில் நேரம் முடிந்ததும் வரிசையில் நிற்பவர்களுக்கு எண்ணிட்ட சீட்டு கொடுப்பார்கள். கடைசி ஆளுக்கு முதல் சீட்டு, அங்கிருந்து முன்னோக்கி. பிறகு யாரும் வாலில் ஒட்டிக்கொள்ள முடியாது. சீட்டு வாங்கியவர் எத்தனை மணியானாலும் ஓட்டுப் போடலாம்.

கடைசி ஓட்டு விழுந்ததும் 'குளோஸ்' பொத்தான், பிறகு 'டோட்டல்'. அந்த எண்ணும் பதிவேட்டில் கையெழுத்திட்டவர்களின் எண்ணிக்கையும் பொருந்த வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டு ஓட்டுப் போடாமல் போனவர் இருந்தால் அது பதிவேட்டிலேயே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். வாக்குப் பதிவுக் கணக்கின் நகலைத் தலைமை அலுவலர் கையெழுத்திட்டு ஏஜென்ட்டுகளுக்குத் தருவார். பசியோடும் களைப்போடும் இருக்கும் ஏஜென்ட்டுகள் இதை வாங்காமல் கிளம்பிவிடுகிறார்கள். எண்ணிக்கை மையத்தில் மிஷின் மேசைக்கு வரும்போது, வரிசை எண், முத்திரை எண், மொத்த ஓட்டு மூன்றையும் ஒப்பிட அந்த ஒரு தாள்தான் இருக்கிறது. தாள் இல்லாதவர் என்ன சொன்னாலும் அது வாய்ச்சொல்தான். 'ரிசல்ட்' பொத்தானை அழுத்தும் முன்பே ஆட்சேபத்தை எழுதிக் கொடுக்க வேண்டும்.