மயக்க டாக்டரிடம் சொல்லாமல் விட்ட மாத்திரை

பித்தப்பைக் கல் ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை. கீழக்கரையிலிருந்து வந்திருந்த அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வலி எப்படி, வாந்தி வந்ததா என்று கேட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தபோது மெல்லக் கூப்பிட்டார். "டாக்டரம்மா, நேத்து ராத்திரி மாத்திரை போடல. இன்னைக்கு ரெண்டாப் போட்டுக்கிறவா?"

"என்ன மாத்திரைம்மா?"

மாமி குழாயடியில்தான் இருக்கிறார் என்று ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டு, தலையணைக்கு அடியிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார். மாலா-என். "மச்சான் லீவுல வந்திருக்காக. அதான்..."

ஆபரேஷனுக்கு முந்தின நாள் இதே பெண்ணிடம், தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டிருந்தேன். "ஒண்ணும் இல்ல" என்று பதில் சொன்னது பக்கத்தில் நின்ற மாமி. நானும் தாளில் 'இல்லை' என்று எழுதிவிட்டுப் போய்விட்டேன். தப்பு என்னுடையதுதான்.

ஒரு கருத்தடை மாத்திரைக்கும் மயக்க மருந்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நேற்று வரை பெரிதாக ஒன்றும் இல்லைதான். புதிதாக வந்திருக்கும் ஒரு மருந்து அந்தச் சம்பந்தத்தை உண்டாக்கிவிட்டது.

வயிற்றில் துளை போட்டுச் செய்யும் ஆபரேஷனுக்கு ஆளைத் தூங்க வைத்தால் மட்டும் போதாது, தசைகளும் தளர வேண்டும். அதற்கு நாங்கள் போடும் மருந்துகளில் ஒன்று ரோகுரோனியம். மூச்சு விடும் தசையும் சேர்ந்து தளர்ந்துவிடுவதால் அந்த நேரம் முழுக்க மெஷின்தான் மூச்சுக் கொடுக்கும். முடிந்ததும் தசைக்கு வலு திரும்ப வேண்டும். பல வருடங்களாக இதற்கு நியோஸ்டிக்மின் போட்டு வந்தோம், இன்றும் போடுகிறோம். அது ரோகுரோனியத்தைத் தொடுவதே இல்லை. நரம்பும் தசையும் சேரும் இடத்தில், நரம்பின் கட்டளையைத் தசைக்குக் கொண்டுபோகும் அசிட்டைல்கோலினைப் பெருக வைத்து, அந்தக் கூட்டத்தின் நெரிசலில் ரோகுரோனியம் ஒதுங்கும்படி செய்யும். தசை முழுதாகத் தளர்ந்திருக்கும்போது போட்டால் பலன் இராது.

நான் சொன்ன அந்தப் புது மருந்து, சுகமாடெக்ஸ், அப்படியில்லை. அது ரோகுரோனியத்தையே பிடித்து அடைத்துவிடுகிறது. பெயரில் 'சுகம்' இருப்பது தற்செயல்தான். சுகர் என்பதன் 'சு', காமா சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்பதைச் சுருக்கிய 'காமாடெக்ஸ்', இரண்டும் சேர்ந்த பெயர். ஆனாலும் நம் ஊரில் பெயரைக் கேட்டதுமே பாதிப் பேர் தெம்பாகிவிடுகிறார்கள்.

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அதைப் புரியவைப்பது சுலபம். கீழக்கரைப் பக்கம் பாறை மீனுக்குக் கூடு போடுவார்கள். வாய் அகலமாக ஆரம்பித்து உள்ளே போகப் போகக் குறுகும். மீன் நுழைந்துவிடும், திரும்பி வர வழி தெரியாது. சுகமாடெக்ஸும் ஒரு கூடுதான், கண்ணுக்குத் தெரியாத அளவில். எட்டு குளுக்கோஸ் மூலக்கூறுகள் கைகோத்து வட்டமாக நின்றால் நடுவில் ஒரு குழி விழும், அதுதான் காமா சைக்ளோடெக்ஸ்ட்ரின். ஆறு நின்றால் ஆல்பா, ஏழு நின்றால் பீட்டா. கூட்டின் வெளிப்புறம் தண்ணீரோடு நன்றாகச் சேரும். உட்புறமோ தாமரை இலை மாதிரி, தண்ணீரை விரும்பாது. எனவே தண்ணீரை விரும்பாத எந்த மூலக்கூறு பக்கத்தில் வந்தாலும், அளவு சரியாக இருந்தால், உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே தள்ளிவிட்டு அது போய் உட்கார்ந்துகொள்ளும்.

இந்த வகைச் சர்க்கரை வளையத்தை முதலில் பிரித்தெடுத்தவர் வில்லியே என்ற பிரெஞ்சுக்காரர், 1891-ல், மாவுச்சத்தைப் பாக்டீரியாவைக் கொண்டு சிதைத்து. அதை மருந்தாக்கும் யோசனை வந்தது நூறு வருடம் கழித்து. ஸ்காட்லாந்தில் ஆர்கனான் கம்பெனியின் ஆய்வகத்தில் ஆன்டன் போம் என்பவர், ஸ்டீராய்டு வகைத் தசைத் தளர்த்திகளைச் சோதனைக்காகக் கரைப்பதற்குச் சைக்ளோடெக்ஸ்ட்ரினைத் தேடிப் போனார். கூடு மருந்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதைப் பார்த்ததும், இதையே முறிமருந்தாக்கினால் என்ன என்று தோன்றியது. காமா கூட்டின் குழி ரோகுரோனியத்துக்கு ஆழம் போதாது. எனவே விளிம்பில் எட்டுக் கைகளை ஒட்டவைத்தார்கள், கையின் நுனியில் எதிர்மின்னூட்டம். ரோகுரோனியத்தின் தலையில் நேர்மின்னூட்டம் உள்ள நைட்ரஜன் இருக்கிறது. உடல் குழிக்குள், தலை கைகளின் பிடியில். 2008-ல் ஐரோப்பாவிலும் 2015 கடைசியில் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது.

மீன் கூட்டுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. மூலக்கூறுக் கூட்டின் வாய் இருபக்கமும் திறந்தே இருக்கும், உள்ளே போனது வெளியே வரலாம். ஆனால் ரோகுரோனியம் நுழைவது சட்டென்று, வெளியே வருவது அபூர்வம். ரத்தத்தில் உள்ள ரோகுரோனியம் எல்லாம் கூட்டுக்குள் போய்விட, தசைப் பக்கம் இருப்பது ரத்தத்துக்கு இறங்கி வரும், அதுவும் மாட்டிக்கொள்ளும். இரண்டு மூன்று நிமிடத்தில் ஆள் தானாக மூச்சு விடுகிறார். முதல் முறை பார்த்தபோது நானே நம்பவில்லை.

சரி, இந்தக் கூடு யாரை எப்படி அடையாளம் காண்கிறது? அளவு, வடிவம், மின்னூட்டம் மூன்றையும் சொல்லிவிட்டேன். நாலாவதாக ஒன்று உண்டு. இடக்கை, வலக்கை என்கிறோமே, அந்தக் கை.

சங்கு குளிக்கும் கடற்கரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நூறு சங்கு எடுத்தாலும் நூறும் ஒரே பக்கம் சுற்றியிருக்கும். மறுபக்கம் சுற்றிய வலம்புரி கிடைத்தால் அன்று ஊரே திரண்டுவிடும். இரண்டையும் கண்ணாடியில் காட்டினால் ஒன்று மற்றது போலத் தெரியும், ஆனால் எப்படித் திருப்பினாலும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாது. (ஒரு வேடிக்கை: நாம் இடம்புரி என்று ஒதுக்கும் சாதாரணச் சங்கை உயிரியல் புத்தகம் வலச்சுருள் என்கிறது. சங்கை எந்த முனை மேலே இருக்கப் பிடிக்கிறோம் என்பதில்தான் பேதம். வேதியியலிலும் பெயர் வைப்பதில் இதே கூத்து உண்டு.) காலிச் சங்கில் குடியேறும் துறவி நண்டைப் பாருங்கள். அதன் பின்னுடல் நேராக இருக்காது, சாதாரணச் சங்கின் சுருளுக்கு ஏற்றபடி ஒரு பக்கமாக முறுக்கியிருக்கும். வலம்புரியை நாம் லட்சம் ரூபாய்க்குப் பேரம் பேசலாம். அந்த நண்டுக்கு அது உட்காரத் தோதில்லாத வீடு.

நம் உடம்பின் மூலக்கூறுகளும் இப்படித்தான், பெரும்பாலும் ஒரே கை. புரதத்தில் உள்ள அமினோ அமிலங்கள் ஒரு கை, சர்க்கரைகள் ஒரு கை, ஸ்டீராய்டு ஹார்மோன்களும் ஒரு கை. கைபேதம் தெரிய வேண்டுமானால் பிடிப்பதற்கும் கை இருக்க வேண்டும். செருப்புப் பெட்டிக்குள் எந்தக் காலும் நுழையும், செருப்புக்குள் நுழையாது. சைக்ளோடெக்ஸ்ட்ரின் கூடு ஒரே கையுள்ள குளுக்கோஸால் ஆனது, அதனால் கூட்டுக்கே ஒரு கை வந்துவிடுகிறது. இரண்டு கண்ணாடிப் பிம்பங்கள் உள்ளே போனால், ஒன்று தன் பிடிகளைக் கூட்டின் விளிம்பிலுள்ள ஹைட்ராக்சில்களோடு கோத்து வசதியாக உட்காரும். மற்றது கொஞ்சம் சாய்வாக, ஒரு பிடி விட்டுப்போய். வித்தியாசம் சின்னதுதான். ஆனால் சைக்ளோடெக்ஸ்ட்ரின் ஒட்டிய நீண்ட குழாய் வழியாக மருந்தை ஓடவிட்டால் அந்தச் சின்ன வித்தியாசம் ஆயிரக்கணக்கான தடவை சேர்ந்துகொள்ளும். ராமேஸ்வரத்தில் ஒன்றாகக் கிளம்பிய இரண்டு பஸ்ஸில் ஒன்று ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அரை நிமிஷம் கூடுதலாக நின்றால், மதுரைக்கு இரண்டும் ஒன்றாகவா போய்ச் சேரும்? மருந்துக் கம்பெனிகளின் சோதனைக்கூடங்களில் இடக்கை வலக்கையைப் பிரித்துப் பார்க்க இதைப் பயன்படுத்துகிறார்கள்.

பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியம் என்ன? என் தொழிலிலிருந்தே சொல்கிறேன். மரத்துப்போகப் போடும் பியூபிவக்கெயினில் இரண்டு கையும் பாதிப் பாதி இருக்கும். அதில் வலக்கை இதயத்தை அதிகம் படுத்தும். அதிக அளவு தவறி ரத்தக் குழாய்க்குள் போனால்தான் ஆபத்து, முதுகில் போடும் சொற்ப அளவுக்குப் பயப்பட வேண்டாம். ஆனாலும் அதனால்தான் இடக்கை மட்டும் உள்ள லெவோபியூபிவக்கெயின் வந்தது. மருந்துக் கடையில் தும்மலுக்குக் கிடைக்கும் லெவோசெட்ரிசினும் அப்படியே, செட்ரிசினில் வேலை செய்யும் கை மட்டும். பத்து மில்லிகிராம் செட்ரிசினுக்கு அது ஐந்து போதும். இரண்டும் வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் போட்டுக்கொண்டு, ஆபரேஷன் அன்று தூங்கி வழிந்துகொண்டே வந்தவர்கள் உண்டு.

இனி அந்த மாலா-என் அட்டை. அதன் மாத்திரையில் 0.15 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரெல் இருக்கிறது. அங்கேயும் ஒரு 'லெவோ'. நார்ஜெஸ்ட்ரெல் ஆய்வகத்தில் செய்யப்பட்டபோது இரண்டு கையும் கலந்துதான் வந்தது. வேலை செய்தது ஒரு கை, மற்றது சும்மா கூட வந்தது. வேலை செய்யும் கைக்குத்தான் உடம்பில் புரோஜெஸ்டரான் என்ற பெண் ஹார்மோனுக்கான ஏற்பியில் இடம். அதாவது அது இயற்கையான புரோஜெஸ்டரானின் சாயலில் இருக்கிறது, நாலு வளையமுள்ள ஸ்டீராய்டு உடல். ரோகுரோனியத்தின் உடலும் அதே நாலு வளையம்தான்.

கூட்டுக்கு ரோகுரோனியத்தைத் தெரியும், ஆனால் அதை மட்டும்தான் தெரியும் என்றில்லை. பாறை மீனுக்குப் போட்ட கூட்டில் வேறு மீனும் ஏறுவது போல, இந்த ஹார்மோன்களும் கொஞ்சம் ஏறிவிடும். ரோகுரோனியம் அளவுக்குக் கெட்டியான பிடி இல்லை, மின்னூட்டத் தலை இல்லாததால். ஆனாலும் உடல் எடையில் கிலோவுக்கு 4 மில்லிகிராம் சுகமாடெக்ஸ் போட்டால் உடம்புக்குக் கிடைக்கும் புரோஜெஸ்டோஜென் (புரோஜெஸ்டரான் வகை ஹார்மோன்) 34 சதவீதம் குறையலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தினசரி மாத்திரையைப் பன்னிரண்டு மணி நேரம் தாமதமாகப் போட்டதற்குச் சமம்.

அந்தப் பெண்ணுக்கும் சுகமாடெக்ஸ்தான் போட்டிருந்தோம். எனவே அவரிடம் சொன்னது: விட்டுப்போன மாத்திரையை இப்போதே போடுங்கள், இன்றைய மாத்திரையை வழக்கமான நேரத்தில் போடுங்கள், அட்டையை நிறுத்த வேண்டாம். ஆனால் ஆபரேஷன் நாளிலிருந்து ஏழு நாளைக்கு மாத்திரையை மட்டும் நம்பாதீர்கள், நிரோத் வேண்டும். "தையலோட ஏழு நாள் யாரு டாக்டரம்மா..." என்று அவர் சிரித்ததில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நியாயம்தான். ஆனால் எல்லா ஆபரேஷனும் வயிற்றில் நடப்பதில்லை. டான்சிலுக்கோ, முறிந்த கைக்கோ மயக்கம் கொடுத்தவர் மூன்றாம் நாள் நன்றாகத்தான் இருப்பார்.

அந்தரா கருத்தடை ஊசி போட்டவர்களுக்கும், ஹார்மோன் உள்ள வேறு எந்த முறையில் இருப்பவர்களுக்கும் இதே ஏழு நாள் கணக்கு பொருந்தும். காப்பர்-டிக்கு இந்தக் கவலை இல்லை, செம்பைக் கூடு பிடிக்காது. உம்ராவுக்கோ கோயிலுக்கோ போகிறோம் என்று மாதவிலக்கைத் தள்ளிப்போட நோரெதிஸ்டிரோன் போடுகிறவர்கள் இந்த ஊர்களில் ஏராளம். அதுவும் இதே குடும்பம்தான். பலர் அதை மாத்திரைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அதைவிட முக்கியம், நாள் தள்ளிப்போயிருந்தால் சொல்லிவிடுங்கள். ஆரம்பக் கர்ப்பத்தைத் தாங்கி நிற்பது புரோஜெஸ்டரான், அந்தச் சமயத்தில் அதைக் கூட்டில் அடைக்க யாருக்கும் விருப்பமில்லை. நியோஸ்டிக்மின் இருக்கவே இருக்கிறது, விலையும் குறைவு.

சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள், அதிலும் டயாலிசிஸ் செய்கிறவர்கள், ஆணானாலும் பெண்ணானாலும் அதைச் சொல்ல வேண்டும். மீனோடு சேர்ந்த கூடு அப்படியே சிறுநீரில்தான் வெளியேறும். அந்த வழி அடைபட்டால் கூடும் மீனும் உடம்பிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். கொரோனா காலத்தில் ரெம்டெசிவிருக்கு அலைந்தோமே, அந்தப் பொடியில் 100 மில்லிகிராம் மருந்தோடு 3 கிராம் சைக்ளோடெக்ஸ்ட்ரின் இருந்தது. மருந்தைவிடக் கூடு முப்பது மடங்கு. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அதைப் போட டாக்டர்கள் தயங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்தக் கீழக்கரைப் பெண்ணுக்குப் பிறகு நான் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். கூட வந்தவர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கேட்கிறேன்: "அட்டை ஏதாவது இருக்காம்மா?" போன மாதம் கடல்பாசி எடுக்கிற அக்கா ஒருவர், வயது நாற்பதுக்கு மேல், இல்லை என்று தலையாட்டினார். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு இடுப்பிலிருந்து சுருக்குப்பையை அவிழ்த்தார். வெற்றிலை, பாக்கு, பஸ் டிக்கெட், நாலாக மடித்த ஒரு அட்டை. ஏழு மாத்திரை மீதம் இருந்தது.