முற்றுரிமை: மோனோபொலிக்குத் தமிழில் என்ன சொல்?

'மோனோபொலி' கிரேக்கத்திலிருந்து வந்த சொல். 'மோனோஸ்' என்றால் ஒற்றை, 'போலேயின்' என்றால் விற்பது. தேலீஸ் என்ற அறிஞர் குளிர்காலத்திலேயே ஊரிலுள்ள ஆலிவ் செக்குகளை எல்லாம் மலிவாகப் பிடித்து வைத்து, அறுவடைக் காலத்தில் தான் சொன்ன விலைக்கு வாடகைக்கு விட்டாராம். அந்தக் கதையைச் சொல்லும் அரிஸ்டாட்டில் இந்தச் சொல்லைத்தான் ஆள்கிறார்.

தமிழ்ச் செய்தித்தாள்களில் 'ஏகபோகம்' என்று வரும். அது வடசொல், ஒருவரே அனுபவிப்பது என்று பொருள். பொருளியல் பாடநூல்களில் இருப்பது 'முற்றுரிமை'. இதுவே பொருத்தம் என்பேன். ஒருவரே விற்கிறார் என்பதோடு, வேறு யாரையும் உள்ளே விடாத அதிகாரமும் அதில் தொனிக்கிறது. 'தனியுரிமை' வேண்டாம், அது இப்போது அந்தரங்க உரிமைக்குப் போய்விட்டது.

அந்த அதிகாரம் என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனமே சாட்சி. கம்பியும் அதனுடையது, வீட்டில் இருந்த போனும் அதனுடையது. வெளியார் கருவி எதையும் இணைக்கக் கூடாது. டெக்சஸைச் சேர்ந்த தாமஸ் கார்ட்டர், வாக்கி டாக்கி போன்ற வானொலிக் கருவியைத் தொலைபேசியோடு சேர்க்கும் ஒரு கருவியை விற்றார். அதைத் தடுத்தது செல்லாது என்று தொலைத்தொடர்பு ஆணையம் 1968இல் தீர்ப்பளித்தது. வட்டாரத் தொலைபேசி நிறுவனங்கள் தனியாகப் பிரிந்து, நிறுவனம் உடைந்தது 1984 ஜனவரி 1 அன்றுதான். ஆனால் கதவு திறந்தது இந்த 1968 தீர்ப்பில் என்றே நினைக்கிறேன். வேறு நிறுவனங்களின் போனும் மோடமும் அப்புறம்தான் தாராளமாக உள்ளே வந்தன.

செல்பேசிக்கு அடிப்படையான, ஊரைச் சிறு சிறு 'செல்'களாகப் பிரிக்கும் யோசனை அதே நிறுவனத்தின் பெல் ஆய்வகத்தில் 1947இலேயே பிறந்தது. டிரான்சிஸ்டரும் அதே ஆண்டு, அதே இடம். முற்றுரிமையின் வருமானம்தான் அந்த ஆய்வகத்தை வளர்த்தது. அதை மறுக்க முடியாது. ஆனால் அமெரிக்காவின் முதல் வணிகச் செல்பேசிச் சேவை சிகாகோவில் தொடங்கியது 1983 அக்டோபரில். தாமதத்தில் அலைவரிசை ஒதுக்காத அரசுக்கும் பங்குண்டு. இதற்கிடையில், 1973 ஏப்ரல் 3 அன்று கையடக்க போனில் முதலில் பேசிக் காட்டியவர் வெளியார்: மோட்டோரோலாவின் மார்ட்டின் கூப்பர். பெல் ஆய்வகமோ கார் போனில்தான் கவனமாக இருந்தது.

ஒவ்வொரு ஊரிலும் இரண்டு உரிமங்கள், அதில் ஒன்று தொலைபேசி நிறுவனம் அல்லாதவருக்கு என்று ஆணையம் முடிவெடுத்தது. மெக்கா (McCaw) என்ற செல்பேசி நிறுவனம் வளர்ந்தது அந்த இரண்டாவது வழியில்தான். உடைந்தபோது செல்பேசித் தொழில் வட்டார நிறுவனங்களோடு போய்விட்டதால், ஏடி அண்ட் டி மறுபடி அதற்குள் வர 1994இல் ஆயிரம் கோடி டாலருக்கு மேல் கொடுத்து மெக்காவை வாங்கியது.