கலர் இறங்குவதெல்லாம் ஸ்ட்ராங் டீ அல்ல

குன்னூரில் தேயிலையைச் சுவைத்துத் தரம் சொல்வது என் தொழில். ஏலத்துக்கு வரும் தூள்களைத் தவிர, தெரிந்தவர்கள் கொண்டுவரும் பொட்டலங்களையும் மறுக்காமல் போட்டுப் பார்ப்பது வழக்கம். அண்மையில் சமவெளியில் டீக்கடை நடத்தும் ஒருவர், மலிவாகக் கிடைத்த லூஸ் தூளைக் கொண்டுவந்து, "சார், கம்பெனித் தூள்ல கலரே இறங்க மாட்டேங்குது, இதுல அரை ஸ்பூன் போட்டாலே போதும்" என்றார். வெந்நீர் பட்ட மாத்திரத்தில் அது செக்கச் செவேலென்று ஆனது. வாயில் விட்டால் சுவையே இல்லை, அடிநாக்கில் மட்டும் ஏதோ ஒரு கசப்பு ஒட்டிக்கொண்டு நின்றது. இப்படிப்பட்ட பொட்டலங்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்ட நிலையில்தான் இதை எழுதுகிறேன்.

கலர் நன்றாக இறங்கினால் டீ ஸ்ட்ராங் என்ற எண்ணத்தைப் போலத் தேயிலைக்குக் கேடு செய்தது வேறொன்றுமில்லை. தேயிலையை அரைத்த பிறகு காற்றுப்பட வைக்கும்போது அதிலுள்ள பாலிஃபீனால்கள் என்னும் இயற்கைப் பொருள்கள் மாற்றமடைந்து இரண்டு வகைப் பொருள்கள் உண்டாகின்றன. தியாஃபிளேவின் என்பது பொன்னிறத்தையும், நாக்கில் சுருக்கென்று ஏறும் உயிர்ப்பையும் தருவது. தியாருபிஜின் என்பது செம்பழுப்பு நிறத்தையும் கனத்தையும் தருவது. காற்றில் அதிக நேரம் விட்டாலோ வெப்பம் கூடிப்போனாலோ முதலாவது குறைந்து இரண்டாவது மேலோங்கும். அப்போது லிக்கர், அதாவது வடித்த டீ நீர், கறுத்துத் தெரியும், குடித்தால் உப்புச்சப்பில்லாமல் இருக்கும். அதாவது, கலப்படமே இல்லாத தேயிலையில்கூட அடர்ந்த நிறம் உற்பத்திக் குறைபாட்டின் அடையாளமாக இருக்க முடியும். மறுபக்கம், இளம் மஞ்சளாக வடியும் டார்ஜிலிங்கின் முதல் பறிப்புத் தேயிலை நாக்கைப் பிடித்து இழுக்கும். ஆக, நிறம் ஒன்று, வலு வேறொன்று. இதைப் பலமுறை சொல்லியும், கண்ணால் பார்த்தே டீயை எடைபோடும் பழக்கம் மாறுவதாக இல்லை. அந்தப் பழக்கத்தை நம்பித்தான் பயன்படுத்திய தூளைக் காயவைத்துச் சாயமேற்றி விற்கும் தொழிலே நடக்கிறது. சன்செட் யெல்லோ, டார்ட்ரசின், கார்மோசின் ஆகிய நிறமிகள் வேறு சில உணவுகளில் அளவோடு அனுமதிக்கப்பட்டவையாக இருக்கலாம். தேயிலையில் எந்த நிறமியையும் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை.

எங்கள் மேசையில் சுவைக்கும் முறை மிக எளிது. 2.8 கிராம் தூளுக்கு 140 மில்லி கொதிநீர், ஐந்தாறு நிமிடம் மூடிவைத்தல், பிறகு வடித்தல், அவ்வளவுதான். ஐஎஸ்ஓ 3103 என்னும் பன்னாட்டு நியமமும் இதே விகிதத்தைத்தான் சொல்கிறது. சர்க்கரை கிடையாது; பால் சேர்த்துப் பார்ப்பதாக இருந்தாலும், முதலில் வெறும் லிக்கரைப் பார்த்த பிறகுதான். சத்தமாக உறிஞ்சினால்தான் காற்றோடு சேர்ந்து மணம் மூக்கின் பின்புறம் ஏறும் என்பதால், சபை நாகரிகம் அங்கே செல்லாது. சுவைக்கப்போகும் நாளில் வாசனைத் திரவியமும் பச்சைப் பூண்டும் எங்களுக்கு ஆகாதவை.

இந்த முறையில் அடுத்தடுத்து வைத்துக் குடிக்கும்போதுதான் தேயிலை எவ்வளவு பேசும் என்பது புரியும். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் நீலகிரியில் மெல்ல வளர்ந்த கொழுந்தில் செய்த ஆர்த்தடாக்ஸ் (இலையைத் தூளாக நொறுக்காமல் சுருட்டிச் செய்யும்) தேயிலையில் பூவின் மணம் இருக்கும். ஆறிய பிறகும் அது விலகாது. இலங்கையின் ஊவாவில் ஜூலை முதல் செப்டம்பர் வரை வறண்ட காற்று வீசும் பருவத்துத் தேயிலையைக் குடித்தால் வாயெல்லாம் குளிரும் ஒரு காரமான மணம் தெரியும். அந்த மணத்துக்காகவே அதை விரும்பி வாங்குவோர் உண்டு. அஸ்ஸாமின் இரண்டாம் பறிப்பு கனமானது, முளைகட்டிய தானியத்தை வறுத்த மணமுடையது, பாலைத் தாங்கும். டார்ஜிலிங்கின் இரண்டாம் பறிப்பில் கனிந்த திராட்சையின் மணம் வருவதற்குத் தத்துப்பூச்சிகள் கொழுந்தைக் கடிப்பதும் ஒரு காரணம். இவற்றில் எதிலும் யாரும் எதையும் கலக்கவில்லை. இவ்வளவு மணத்தை இலை தானாகவே தரும்போது, வெறும் டீயில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

வாசனை சேர்த்த தேயிலைகள் எல்லாவற்றையும் நான் தள்ளிவிடவில்லை. சீனாவின் ஃபூஜோவில் செய்யப்படும் மல்லிகைத் தேயிலைக்கு, இரவில் மலரும் மல்லிகை மொட்டுகளைப் பச்சைத் தேயிலையோடு கலந்து வைத்து, மணம் ஏறியதும் பூக்களை நீக்கிவிட்டு, மீண்டும் புதுப்பூக்களைச் சேர்ப்பார்கள். நல்லதாக அமைந்தால் பூவும் இலையும் ஒன்றையொன்று அமுக்காமல் வாயில் சேர்ந்தே நிற்கும். எர்ல் கிரே தேயிலையில் சேர்வது பெர்கமாட் என்னும் எலுமிச்சை இனக் கனியின் தோல் எண்ணெய். அளவு சரியாக இருந்தால் சுகம், ஒரு துளி கூடினால் சோப்பு வாடை. வீட்டில் இஞ்சியும் ஏலக்காயும் தட்டிப்போட்டுக் கொதிக்கவைக்கும் டீயைக் குறை சொல்ல நாக்கு வராது.

என்னைக் கோபப்படுத்துவது, சுற்றுலாக் கடைகளில் பெயர் விவரம் ஏதுமில்லாத உறைகளில் சாக்லேட் டீ, ஏலக்காய் டீ என்று விற்கப்படும் சரக்கு. உறையைப் பிரித்ததும் அறை முழுவதும் மணக்கும். வடித்துக் குடித்தால் மணம் மூக்கோடு நின்றுவிடும். நாக்கில் பழைய தூளின் வைக்கோல் சுவைதான் மிஞ்சும். நல்ல தேயிலையை வாசனையால் மூட எந்த உற்பத்தியாளருக்கும் தேவையில்லை. விலைபோகாத தூளுக்குத்தான் பெரும்பாலும் இந்தப் போர்வை. வாசனை சேர்த்திருந்தால் அதை உறையில் அச்சிட்டாக வேண்டும், அத்தகைய தேயிலையைத் தயாரிப்பவர் தேயிலை வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. உரிம எண்ணும் தயாரித்த தேதியும் இல்லாத பொட்டலத்தைக் கையில் எடுக்காதீர்கள், எவ்வளவு மணத்தாலும் சரி.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடியவை சில உண்டு. வடிதாளை விரித்து, ஒரு சிட்டிகைத் தூளைத் தூவி, தாள் நனையும்படி நீர் தெளியுங்கள். உடனே மஞ்சளோ சிவப்போ படர்ந்து, தூளை அகற்றித் தாளைக் குழாய் நீரில் கழுவிய பிறகும் கறை தங்கினால் அது சாயம். கண்ணாடித் தம்ளரில் பச்சைத் தண்ணீர் ஊற்றித் தூளைப் போட்டும் பார்க்கலாம். ஆனால் மிக நுண்ணிய டஸ்ட் வகை நல்ல தேயிலையும் சற்று நேரத்தில் மங்கலாக நிறம் விடும் என்பதால், தண்ணீரில் விழுந்த நொடியே சிவப்புக் கோடாக இறங்குவதைத்தான் சந்தேகிக்க வேண்டும். காந்தத்தைத் தூளில் துழாவினால் இரும்புத் துகள் அதிகமாக ஒட்டுகிறதா என்பது தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வலுவான நல்ல தேயிலையின் லிக்கர் ஆறும்போது பால் கலந்ததைப் போலக் கலங்கும். கஃபீனும் தியாஃபிளேவினும் இணைவதால் ஏற்படும் இந்தக் கலங்கலை அழுக்கென்று நினைத்துக் கொட்டுகிறார்கள், பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துச் சண்டையும் போடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நீங்கள் திருப்பிக் கொடுப்பது கடையிலேயே சிறந்த தூளாக இருக்கலாம்.

தேயிலை பக்கத்திலுள்ள வாடையை இழுத்துக்கொள்ளும். பெருங்காயம், மசாலாப் பொடி, சோப்பு இருக்கும் அலமாரியில் வைக்காதீர்கள். அடுப்பின் மேல் தட்டிலும் வேண்டாம். காற்றுப் புகாத டப்பாவில், ஒரு மாதத்துக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்கி வையுங்கள். டிக்காஷனை மணிக்கணக்கில் அடுப்பில் கொதிக்கவிட்டுவிட்டு டீ கசக்கிறது என்று தூளைத் திட்டுவதில் நியாயமில்லை. பச்சைத் தேயிலைக்கு 75 முதல் 80 டிகிரி செல்சியஸ் சூடு போதும். கொதிநீர் பட்டால் கசந்துவிடும்.

டீக்கடைக்காரர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கடையில் நாள்தோறும் நான்கைந்து டீ குடித்துவிட்டு வேலைக்குப் போகும் தொழிலாளர்களின் உடம்புக்குள்தான் அந்தச் சாயம் போகிறது. புதிய தூளை வாங்கும் முன் பாலும் சர்க்கரையும் இல்லாமல் ஒரு முறை வடித்து, ஆறவிட்டுக் குடித்துப் பாருங்கள். நாக்கில் எதுவுமே ஏறாமல் நிறம் மட்டும் நின்றால், மீதித் தூளை உறையோடும் ரசீதோடும் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கொடுத்துப் புகார் எழுதுங்கள்; அந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது என்பதைப் பின்தொடர அவர்களுக்கு அந்த இரண்டும் வேண்டும்.