அளாப்பலின் கணக்கு: போக்கர் மேசையில் கூட்டுக் களவு எப்படி நடக்கிறது

304 என்ற சீட்டாட்டம் விளையாடத் தெரிந்தவருக்கு, காசு வைத்து ஆடும் போக்கரில் நடக்கும் மோசடியைப் பாதிக்கு மேல் விளக்கத் தேவையில்லை. வாசிகசாலை விறாந்தையிலோ செத்தவீட்டுப் பந்தலிலோ நாலு பேர் இருந்தால், எதிரெதிரே இருக்கும் இருவர் ஒரு பக்கம். துரும்பு, அதாவது மற்றவற்றை வெட்டும் இனம், எது என்பது ஏலம் கேட்டவருக்கு மட்டுமே தெரியும். அது குப்புறக் கிடக்கும். அந்த நேரத்தில் கூட்டாளிக்கு ஒரு சாடை போனால் போதும், மூக்கைச் சொறிவதோ காட்ஸைக் கொஞ்சம் தாமதித்துப் போடுவதோ, ஆட்டம் கெட்டுவிடும். "அளாப்பாதை!", அதாவது கள்ள ஆட்டம் ஆடாதை, என்ற சத்தம் உடனே எழும். காசு வைக்காத ஆட்டத்திலேயே இவ்வளவு கோபம் வருவதற்குக் காரணம் உண்டு. விழுந்த காட்ஸை மனத்தில் எண்ணி, எந்த ஒன்பது போயிற்று, எந்த ஏஸ் இன்னும் யாருடைய கையில் என்று கணக்குப் போடுவதுதான் அங்கு திறமை. சாடை அந்தக் கணக்கைக் குறுக்கு வழியில் கொடுத்துவிடுகிறது.

போக்கரில் கூட்டாளி என்று ஒருவர் இருக்கவே கூடாது. கசினோக்களில் அதிகம் ஆடப்படும் டெக்சஸ் ஹோல்டெம் வகையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு காட்ஸ் மூடி வரும். பிறகு மேசை நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து காட்ஸ் திறக்கப்படும்: முதலில் மூன்று, பின் ஒன்று, பின் இன்னொன்று. ஒவ்வொரு கட்டத்திலும் பணம் வைக்கலாம், அல்லது கையை மூடிப் போட்டு விலகலாம். விலகியவரின் காட்ஸை யாரும் பார்ப்பதில்லை. 304-இல் விழுந்த காட்ஸ் முகம் காட்டும், இங்கே காட்டாது. என் கையில் இரண்டு இருக்க, எதிராளியின் இரண்டு மீதி 50-இல் எவையாகவும் இருக்கலாம். அதற்கு 1225 சேர்மானங்கள் உண்டு. அவர் பணம் வைக்கும் விதத்தைப் பார்த்து அந்த 1225-ஐப் படிப்படியாகச் சுருக்குவதே நேர்மையான ஆட்டக்காரரின் வேலை.

மோசடி என்றதும் சட்டைக் கைக்குள் ஏஸ் ஒளித்து வைப்பவன்தான் பலருக்கு நினைவில் வருவான். அது பழைய கதை. தலைக்கு மேல் கமராக்கள் பார்த்துக்கொண்டிருக்கும் மண்டபத்தில் ஒரு காட்ஸை மாற்றுவது மிக ஆபத்தான காரியம். இன்று நடக்கும் கூட்டு மோசடியில் பெரும்பாலும் காட்ஸ் இடம் மாறுவதே இல்லை, தகவல்தான் இடம் மாறுகிறது.

எவ்வளவு சிறிய தகவல் போதும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். என் கையில் ஸ்கோப்பன் (ஸ்பேட்) இரண்டு. நடுவில் திறந்த மூன்றிலும் ஸ்கோப்பன் இரண்டு. இன்னும் ஒன்று வந்தால் ஐந்தும் ஸ்கோப்பன், அநேகமாக நான்தான் வெல்வேன். நான் காணாத காட்ஸ் 47, அவற்றில் ஸ்கோப்பன் 9. இன்னும் இரண்டு காட்ஸ் திறக்க இருப்பதால் வாய்ப்பு ஏறக்குறைய 35 வீதம். நடுவில் 200 ரூபா கிடக்கிறது, தொடர நான் கடைசியாக 100 ரூபா போட வேண்டும், வென்றால் 300 ரூபாவும் எனக்கு என்று வைத்துக்கொள்வோம். 300-இல் 35 வீதம் 105. ஆகவே 100 போடுவது சராசரியாக 5 ரூபா லாபம். நேர்மையாக ஆடுபவர் போடுவார்.

இப்போது என் இரகசியக் கூட்டாளி, தான் மூடிப் போட்ட இரண்டும் ஸ்கோப்பன் என்று சாடை காட்டுகிறார். காணாதவை 45, மீதி ஸ்கோப்பன் 7, வாய்ப்பு 29 வீதம். 300-இல் அது 87 ரூபாதான். நான் விலகி 13 ரூபா நட்டத்தைத் தவிர்த்துவிடுவேன். மூன்று கூட்டாளிகள் விலகியிருந்து, அவர்களின் ஆறு காட்ஸிலும் ஸ்கோப்பனே இல்லை என்று தெரிந்தாலோ 41-இல் 9, வாய்ப்பு 39.5 வீதம், 100 போட்டால் சராசரி லாபம் 18 ரூபா 50 சதம். மேசையில் உள்ள காட்ஸ் அதேதான், அதிர்ஷ்டமும் அதேதான். ஒருவர் 35 வீதம் என்று நம்பி ஆடும்போது இன்னொருவர் உண்மை எண்ணை அறிந்து ஆடுகிறார். ஒரு கையில், அதாவது ஒரு தடவை பங்கிட்டு ஆடும் ஆட்டத்தில், இது கண்ணுக்குத் தெரியாது. ஓர் இரவில் இருநூறு கை ஆடினால் யாருடைய சட்டைப்பை காலியாகும் என்பது தெளிவு.

கூட்டாளிகள் செய்யும் மற்ற வேலை நெருக்குதல். இருவரும் ஒரு அப்பாவியை நடுவில் வைத்து, ஒருவர் பணத்தை ஏற்ற மற்றவர் மேலும் ஏற்றுவார். நடுவில் இருப்பவருக்கு ஓரளவு நல்ல கை இருந்தாலும் இரண்டு பக்கமும் பலமான எதிரிகள் என்று நினைத்து விலகுவார், அல்லது இரட்டிப்பாகக் கொடுப்பார். அவர் விலகியதும் இவர்கள் தங்களுக்குள் சண்டையை நிறுத்திக்கொள்வார்கள். சுற்றுப்போட்டிகளில் ஒருவர் வேண்டுமென்றே தோற்றுத் தன் சில்லுகளை (பணத்துக்குப் பதிலாக வைக்கும் வட்டுகளை) மற்றவரிடம் சேர்ப்பதும் உண்டு.

இவை மனிதர் மனிதருக்குக் காட்டும் சாடை. இயந்திரம் காட்டும் சாடைதான் விஞ்ஞானமாக என்னை அதிகம் வியக்கவைத்தது, அதிகம் கவலைப்படுத்தியதும் அதுதான்.

52 காட்ஸை அடுக்கக்கூடிய வழிகளின் எண்ணிக்கை 8-க்குப் பின்னால் 67 பூச்சியம் போட்டால் வரும் அளவு. நன்றாகக் கலைத்தால் எந்த அடுக்கு வந்தது என்று யாரும் ஊகிக்க முடியாது. காட்ஸ் கட்டை இரண்டாகப் பிரித்து ஓரங்களைச் சரசரவென்று கோத்துக் கலைக்கும் முறையில் ஏறக்குறைய ஏழு தடவை கலைக்க வேண்டும் என்று டேவ் பேயர், பேர்சி டயகோனிஸ் என்ற கணிதவியலாளர்கள் 1992-இல் காட்டினார்கள். நாம் வழமையாகச் செய்வதுபோல கையில் வைத்துக் கொத்துக் கொத்தாக இழுத்துப் போட்டால் ஏழு எந்த மூலைக்கும் காணாது. கசினோக்கள் கலைக்கும் இயந்திரத்துக்கு மாறியதற்கு வேகமும் இந்தச் சீரான கலைப்பும் காரணம்.

டெக்மேட் 2 என்ற கலைக்கும் இயந்திரத்துக்குள் ஒரு கமராவும் இருக்கிறது. 52-உம் இருக்கின்றனவா, ஏதும் குறைகிறதா, ஒன்றே இரண்டு தடவை வருகிறதா என்று சரிபார்க்க அது வைக்கப்பட்டது. ஆனால் சரிபார்க்கும் கண் அடுக்கையும் அறிந்துவிடுகிறது. 2023-இல் ஐஓஆக்டிவ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், வெளியே தெரியும் யுஎஸ்பி துளையில் சிறு கருவியொன்றைச் செருகி, அந்தக் கமரா கண்டதைக் கைத்தொலைபேசிக்கு அனுப்ப முடியும் என்று லாஸ் வேகாசில் நடந்த பிளக் ஹட் மாநாட்டில் செய்துகாட்டினார்கள்.

கலைத்த பிறகு கட்டை வெட்டுவார்களே, அதனால் அடுக்கு மாறாதா? இந்தக் கேள்விக்கான விடை, காட்ஸ் ஆடும் எல்லாரும் அறிய வேண்டியது. வெட்டுவது கலைப்பது அல்ல. மேலே இருந்த கொத்து கீழே போகிறது, அவ்வளவுதான். அடுக்கை ஒரு வட்டமாக நினைத்தால் வட்டம் அப்படியே இருக்க, தொடங்கும் இடம் மட்டும் மாறுகிறது. பெரும் எண்ணிக்கையான அடுக்குகளில் எது என்ற கேள்வி, 52 தொடக்கங்களில் எது என்ற கேள்வியாகச் சுருங்கிவிடுகிறது. பங்கிடும் ஒழுங்கும் தன் இருக்கையும் தெரிந்தவர், தனக்கு வந்த முதற் காட்ஸை அந்த வட்டத்தில் தேடினால் தொடக்கம் எங்கே என்று பிடித்துவிடுவார். அதன்பின் எல்லாருடைய கையும், இனித் திறக்கப்போகும் ஐந்தும் அவருக்குத் திறந்த புத்தகம்.

2025 ஒக்டோபரில் நியூயோர்க்கில் அமெரிக்க மத்திய அரசு வழக்குத் தொடுத்த ஒரு விவகாரத்தில் இதே வழிதான் குற்றப்பத்திரிகையில் விவரிக்கப்பட்டிருக்கிறது. 31 பேர்மீது குற்றச்சாட்டு. மாஃபியா குடும்பங்களின் பின்னணியில் நடந்த இரகசிய ஆட்டங்களில், மாற்றியமைத்த கலைக்கும் இயந்திரம் யாருக்கு மிகச் சிறந்த கை என்பதை வெளியே ஓரிடத்தில் இருப்பவருக்கு அனுப்பியதாம். அவர் மேசையில் இருக்கும் ஒருவரின் கைத்தொலைபேசிக்குச் சொல்ல, அந்த ஒருவர் சில்லுகளைத் தொட்டு மற்றக் கூட்டாளிகளுக்குச் சாடை காட்டினாராம். பிரபல விளையாட்டு வீரர்கள், பணக்காரரை மேசைக்கு இழுக்கும் முகங்களாகப் பயன்பட்டார்கள் என்றும் வழக்குச் சொல்கிறது. பறிபோனதாகச் சொல்லப்படுவது குறைந்தது 70 இலட்சம் டொலர். இவை குற்றச்சாட்டுகள்; தீர்ப்பு நீதிமன்றத்துடையது. நான் கவனித்தது வேலைப் பங்கீட்டை. இயந்திரம் வைத்தவன், தகவல் பெறுபவன், சாடை காட்டுபவன், ஆடுபவன், ஆள் பிடிப்பவன் என்று ஒவ்வொருவரும் தனித்தனி. மேசையில் இருப்பவரைச் சோதித்தால் ஒரு கைத்தொலைபேசிக்கு மேல் ஒன்றும் அகப்படாது. அவர்களுக்கு வேண்டியதும் 1225 சேர்மானங்களில் எது என்ற விபரம் அல்ல. "நான் முந்தி நிற்கிறேனா?" என்ற ஒரே கேள்விக்கு ஆம், இல்லை என்ற விடை போதும்.

பிடிபடுவது எப்படி? பெரும்பாலும் அளவுக்கு மீறிச் சரியாக ஆடுவதால். 2007-இல் அப்சொலூட் போக்கர் என்ற இணையத்தளத்தில் ஒரு கணக்கு சுற்றுப்போட்டியொன்றை வென்றது. சந்தேகப்பட்ட ஆட்டக்காரர் ஆட்டப் பதிவு கேட்டபோது, எல்லாருடைய மூடிய காட்ஸும் அடங்கிய கோப்பு அவர் கைக்கு வந்து சேர்ந்தது. அதைப் பிரித்து ஆராய்ந்தவர்களும் சாதாரண ஆட்டக்காரர்களே. அந்தக் கணக்கு முதல் இரண்டு கைகளில் விலகியது. பிறகு பார்வையாளராக ஒரு கணக்கு மேசைக்கு வந்தது. அதன்பின் 20 நிமிடம் முதற் சுற்றில் ஒரு கைக்கும் அது விலகவில்லை. கடைசியில் விலகியது, இன்னொருவரிடம் இரண்டு இராசாக்கள் மூடிக் கிடந்தபோது! பார்வையாளர் கணக்கு எல்லாக் கைகளையும் பார்க்கக்கூடிய உள்வீட்டுக் கணக்கு என்று பின்னர் தெரியவந்தது. அடுத்த ஆண்டு அல்டிமேட் பெட் தளத்திலும் இதே வகைக் களவு வெளிப்பட்டது. அங்கே போனது 2 கோடி டொலருக்கு மேல்.

யாழ்ப்பாணத்தில் கசினோ இல்லை. ஆனால் காசு வைத்து ஆடும் செயலிகள் கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டன. நம் பெடியள் இரவில் கண்விழித்து ஆடுவது எனக்குத் தெரியும், அதனால்தான் இதை எழுதுகிறேன். இணைய மேசையில் கூட்டுச் சேர மூக்கைச் சொறியவும் வேண்டாம். ஒரு வாட்ஸ்அப் குழுவில் நாலு பேர் தங்கள் காட்ஸைப் படம் பிடித்துப் போட்டால் மேலே சொன்ன 39.5 வீதக் கணக்கு அவர்களிடம். பெரிய தளங்கள் இலட்சக்கணக்கான கைகளின் பதிவை அலசுகின்றன. இன்னார் இருவர் எப்போதும் ஒரே மேசையில் இருக்கிறார்களா, ஒருவரோடு ஒருவர் மோதாமல் மூன்றாமவரோடு மட்டும் மோதுகிறார்களா, விலகும் வீதம் அவர்கள் சேர்ந்திருக்கும்போது மட்டும் மாறுகிறதா என்று தேடுகின்றன. நூறு கை தோற்றவர் தன் நூறு கையை வைத்து எதையும் நிறுவ முடியாது. அந்த அளவில் வெறும் துரதிர்ஷ்டமும் கூட்டுக் களவும் ஒரே மாதிரித்தான் தெரியும். பிரித்தறிய ஆயிரக்கணக்கான கைகளின் முழுப் பதிவு வேண்டும். யாரோ நடத்தும் முகவரியில்லாத செயலியிலும், தெரிந்தவர் கூட்டிப்போகும் வீட்டு மேசையிலும் அந்தப் பதிவை வைத்திருப்பவர் யாருமில்லை. இருந்தாலும், அது ஆட்டத்தை நடத்துபவரிடமே இருக்கும்.