ரிக்கார்டோவைக் காட்டி நகையை அடகு வைக்காதீர்கள்

இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். நகையை அடகு வைத்து, பங்கு விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம்போல் பணம் கட்டும் ஆப்ஷனில் போட்டு, பாதிக்கு மேல் கரைந்த பிறகு என்னிடம் வந்திருக்கிறார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால் கைபேசியை நீட்டுகிறார். அதில் பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் டேவிட் ரிக்கார்டோ: 1815-இல் நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போரின் முடிவு அவருக்கு மட்டும் முன்கூட்டியே தெரிந்ததாம், ஒரே நாளில் கோடீஸ்வரராம், பிறகு நாடாளுமன்றமாம்.

நிதி ஆலோசகனாக இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

ரிக்கார்டோ 14 வயதில் தந்தையிடம் லண்டன் பங்குச் சந்தைத் தொழிலைக் கற்கத் தொடங்கியவர். 1793-இல் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்துப் பெண்ணை மணந்ததால் அவருடைய யூதக் குடும்பம் ஒதுக்கிவைத்தது. சந்தையில் சம்பாதித்த நல்ல பெயர்தான் கைகொடுத்தது. வாட்டர்லூ அதற்கு 22 ஆண்டுகள் கழித்து. இதுவா ஒரே நாள்?

ரகசியச் செய்திக்கு வருவோம். பிரிட்டிஷ் அரசின் 3.6 கோடி பவுண்டு கடனை, அதாவது அரசு கடன் வாங்க வெளியிட்ட பத்திரங்களை, ரிக்கார்டோவும் கூட்டாளிகளும் ஏற்றது 1815 ஜூன் 14-இல். போர் நடந்தது 18-இல். நெப்போலியன் வென்றுவிடுவாரோ என்ற பயத்தில் பத்திரம் மலிவாகக் கிடைத்தது. வாங்கினார், பொறுத்திருந்தார், ஏறியது. வாங்கிய அன்று பிரிட்டிஷ் படைத் தளபதி வெலிங்டனுக்கே முடிவு தெரியாது! கையிலிருந்த பத்திரங்களுக்கு மேல் துணிந்து எடுத்த பகுதியில் அவர் பார்த்த லாபமும் அளவானதுதான். விலையேற்றத்தில் இதற்கு மேல் லாபம் வேண்டாம் என்று நண்பரும் பொருளாதார அறிஞருமான மால்தஸுக்குக் கடிதமும் எழுதினார்.

அந்த மால்தஸை யாரும் பகிர்வதில்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக் கல்லூரியின் பேராசிரியர். அதே கடனில் 5,000 பவுண்டு பங்கு வைத்திருந்தார். தூக்கம் கெட்டு, போருக்கு முன்பே விற்கச் சொல்லிச் சிறு லாபத்தோடு ஒதுங்கினார். ஐயா, நீங்கள் ரிக்கார்டோ அல்ல, மால்தஸ். நானும்தான்.

ரிக்கார்டோ செய்த புத்திசாலித்தனம் அதற்குப் பிறகுதான் இருக்கிறது. லாபத்தை நிலமாக மாற்றிச் சந்தையிலிருந்து மெல்ல விலகினார். 1819-இல் அயர்லாந்தின் போர்ட்டார்லிங்டன் தொகுதியைப் பணம் கொடுத்துப் பெற்றார். அங்கே காலடி வைத்ததே இல்லை. அப்படி வந்தவர்தான் ரகசிய வாக்கெடுப்புக்காக வாதாடினார். 1823-இல் 51 வயதில் காதில் வந்த தொற்றால் இறந்தார்.

கடன் வாங்கிய பணத்தைச் சந்தையில் போடாதீர்கள். வாட்ஸ்அப் டிப்ஸை அழியுங்கள். எவ்வளவு போனால் நிறுத்துவது என்பதை முதலிலேயே எழுதிவையுங்கள். வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், தயவுசெய்து. அந்த மூன்றாவது ஆளின் மனைவிக்கு நகை அடகில் இருப்பது இன்னும் தெரியாது.