பவளத் தொட்டியில் சுழலும் ரிட்டர்ன்: எங்கே சிக்கிக்கொள்கிறது?

கோயம்புத்தூர்ப் பக்கம் மோட்டார் நின்றுபோனால் முதலில் வைண்டிங்கைப் பார்ப்பார்கள், அப்புறம் பேரிங்கை. போர்வெல் பம்புக்கு அது சரி. உயிருள்ள பவளம் வளர்க்கும் வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் இருக்கும் சுழலும் ரிட்டர்னுக்கு, அதாவது நீரைத் தொட்டிக்குத் திருப்பிவிடும் குழாய்க்கு, ஒத்துவராது. அங்கே மோட்டார் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். குழாய்தான் திரும்ப மறுக்கும்.

தொட்டி நீர் கீழே உள்ள சிறு தொட்டியான சம்ப்புக்கு வடிந்து, சுத்தமாகி, பம்ப் வழியாக மறுபடி மேலே வருகிறது. சாதாரண ரிட்டர்ன் குழாய் ஒரே பக்கமாகப் பீய்ச்சும். நேர் எதிரே உள்ள பவளத்தின் சதை உரிந்துபோகும். மறைவில் உள்ளதன் மேல் அழுக்கு படியும். பவளத்தின் மேல் எப்போதும் மெல்லிய நீர்ப்படலம் ஒன்று ஒட்டியிருக்கும். பகலில் பவளத்தின் உடலுக்குள் வாழும் பாசி உண்டாக்கும் உபரி ஆக்சிஜன் அந்தப் படலத்தைத் தாண்டித்தான் வெளியேற வேண்டும், இரவில் அதே வழியாகத்தான் ஆக்சிஜன் உள்ளே வர வேண்டும். நீரோட்டம் மந்தமானால் படலம் தடித்து இரண்டுமே தடைபடும். அதனால்தான் நீர் திசை மாறி மாறி வர வேண்டியிருக்கிறது. (நம் கடலின் கல்பவளங்கள் எல்லாமே 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. மன்னார் வளைகுடாவில் உடைத்தெடுத்த ஒரு துண்டுகூட யார் தொட்டியிலும் இருக்கக் கூடாது.)

சுழலும் ரிட்டர்னில், தொட்டி விளிம்பின் மேல் ஒரு சிறு பெட்டி உட்கார்ந்திருக்கும். உள்ளே கியர் வைத்த சிறிய சிங்க்ரனஸ் மோட்டார். அது மெதுவாகச் சுற்றும் தட்டின் ஓரத்தில் ஒரு முள், முள்ளிலிருந்து குழாய்க்கு ஒரு கை. தட்டு முழுச் சுற்று சுற்ற, குழாய் டேபிள் ஃபேன் போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பும். இவ்வகைச் சிறு மோட்டார் கரண்ட் வந்ததும் எந்தத் திசையிலும் சுற்றத் தொடங்கலாம்; இந்த அமைப்பில் அது ஒரு பொருட்டே இல்லை. வேகத்தைத் தீர்மானிப்பது மின்சாரத்தின் அதிர்வெண், வோல்டேஜ் அல்ல. 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்காகச் செய்த கருவி 60 விநாடியில் ஒரு சுற்று போனால், நம் 50 ஹெர்ட்ஸில் 72 விநாடி எடுக்கும். பவளத்துக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் 110 வோல்ட் மோட்டாரை நம் 230 வோல்ட்டில் செருகினால் சுருள் கருகிவிடும்.

இனி சிக்கல் வரும் இடம். நிற்கும் குழாயும் திரும்பும் குழாயும் சேரும் இடத்தில் ஒரு புஷ் (குழாய் உள்ளே சுழலும் வளையம்), கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஒரு ஓ-ரிங், நடுவில் மயிரிழை இடைவெளி. பம்ப் தள்ளும் அழுத்தம் நீரை மேலே ஏற்றுவதிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும். மூட்டில் மிஞ்சுவது சொற்பம். ஆகவே ஓ-ரிங்கைக் கெடுப்பது அழுத்தம் அல்ல, படிகங்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பும், 400 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கால்சியமும் உண்டு. இடைவெளியில் கசிந்த துளி காய்ந்தால் உப்பு. காயாத இடத்திலும் கால்சியம் கார்பனேட் மெல்ல மெல்லப் படிந்து கல்லாகும். ஆவியான நீருக்கு ஈடாக போர்வெல்லின் சுண்ணாம்பு மிகுந்த சப்பைத் தண்ணீரை ஊற்றுகிறவர்கள் அந்தக் கல்லுக்குத் தினமும் தீனி போடுகிறார்கள். ஆர்.ஓ. தண்ணீர்தான் வேண்டும்.

புஷ் தேய்ந்தால் நம் ஊரில் கவலை இல்லை, கணபதியிலோ பீளமேட்டிலோ ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கிவிடலாம். அங்கேதான் எச்சரிக்கை தேவை. பட்டறைக்காரர் பழக்கத்தில் கன்மெட்டல் புஷ் போடலாம் என்பார். அதில் பெரும்பகுதி தாமிரம். கரையும் தாமிரம் மிகக் குறைந்த அளவிலேயே பவளத்தையும் இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். நைலான் தண்ணீரை உறிஞ்சிப் பருக்கும். பட்டறையில் லேசாகச் சுற்றிய புஷ், தொட்டியில் சில நாள் கிடந்ததும் இறுகிவிடும். டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கில் கடையச் சொல்லுங்கள், அது நீரை உறிஞ்சுவது மிகக் குறைவு. ஸ்க்ரூ போட வேண்டுமென்றால் 304 எஸ்.எஸ். வேண்டாம், உப்பில் அதுவும் புள்ளி புள்ளியாக அரிக்கும். பிளாஸ்டிக் ஸ்க்ரூ போதும். ஓ-ரிங்குக்கு வண்டி கிரீஸ் கூடாது, சிலிகோன் கிரீஸ்தான்.

மோட்டார் இல்லாமல், வரும் நீரின் வேகத்திலேயே சுற்றும் மூக்குகளும் (நீர் வெளிவரும் குழாய் முனைகள்) உண்டு. கரண்ட் வேண்டாம், விலையும் குறைவு. ஆனால் அவற்றின் சின்னச் சின்னக் கியர்கள் முழுக்க உப்புநீருக்குள்ளேயே இருப்பதால் பாசியும் சுண்ணாம்பும் சேர்ந்து சீக்கிரமே பிடித்துக்கொள்ளும். என் பார்வையில் மோட்டார் மேலே உலர்ந்த இடத்தில் இருக்கும் வகையே நம்பத் தகுந்தது.

இரண்டு வகையும் சத்தமில்லாமல்தான் பழுதாகும். மூக்கு நின்றாலும் பம்ப் ஓடும், நீர் கொட்டும், எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். ஆகவே அவ்வப்போது பிளக்கைப் பிடுங்கி, தட்டையும் குழாயையும் இணைக்கும் கையைக் கழற்றிவிட்டு, குழாயை விரலால் திருப்பிப் பாருங்கள். நறநறவென்று இருந்தால் கழற்றி வெள்ளை வினிகரில் ஊறவையுங்கள். குமிழி வந்தால் படிந்தது சுண்ணாம்பு. அமிலம் அதைக் கரைக்கும்போது கரியமில வாயு வெளியேறுகிறது. நன்றாக அலசிவிட்டு மாட்டலாம்.

கரண்ட் போகும்போது இன்னொரு ஆபத்து. மூக்கு நீருக்குள் அமிழ்ந்திருந்தால் தொட்டி நீர் அதே குழாய் வழியாகப் பின்னோக்கி இழுக்கப்பட்டு சம்ப் நிரம்பித் தரையில் வழியும். நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே குழாயில் ஒரு சிறு துளை இருந்தால், மட்டம் அதுவரை இறங்கியதும் காற்று புகுந்து இழுப்பு அறுந்துவிடும். அந்தத் துளையையும் பாசி அடைக்கும். மூட்டைச் சுத்தம் செய்யும் நாளிலேயே அதையும் ஒரு ஊசியால் குத்திவிடுங்கள்.