பெந்தோஸ்: ஓடைக்கு ஏற்ற தமிழ்ச் சொல் எது?

ஓடையின் நலத்தை எடைபோடுகிறவர்கள் நீரைப் புட்டியில் பிடித்துச் சோதிப்பதோடு நிறுத்துவதில்லை. ஓடையில் இறங்கி, நீரோட்டத்தை எதிர்கொள்ளும்படி வலையைப் பிடித்துக்கொண்டு, அதற்கு முன்னால், நீர் வரும் பக்கத்தில் கிடக்கும் கற்களைக் காலால் கிளறுகிறார்கள். வலையில் வந்து விழும் சிறு உயிர்களின் பெயர்தான் பெந்தோஸ். தமிழில் எழுதும்போது பெரும்பாலும் இந்தச் சொல்லை அப்படியே விட்டுவிடுகிறோம். படிக்கிறவருக்கு அது ஏதோ வேதிப்பொருளின் பெயர் போலப் படுகிறது. உயிருள்ளவற்றுக்கு அப்படி ஒரு பெயர் அமைவது எனக்கு வருத்தமளிக்கிறது.

சொல் கிரேக்கம், கடலின் ஆழம் என்று பொருள். ஹோமரின் காப்பியங்களிலேயே அந்தப் பொருளில் வருகிறது. அறிவியலுக்குள் அதைக் கொண்டுவந்தவர் ஜெர்மானிய உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல். நீரின் போக்கில் மிதந்து திரியும் உயிர்களுக்கு இன்னொரு ஜெர்மானிய ஆய்வாளர் விக்டர் ஹென்சன் 1887இல் ‘பிளாங்க்டன்’ என்று பெயரிட்டிருந்தார். 1890இல் ஹெக்கல், தாமாக நீந்துபவற்றை ‘நெக்டன்’ என்றும் அடியில் தங்கி வாழ்பவற்றை ‘பெந்தோஸ்’ என்றும் பிரித்தார். கடலை மனத்தில் வைத்துப் பிறந்த சொற்கள் இவை. ஆறு, ஏரி, ஓடை எல்லாம் பிறகு வந்து சேர்ந்துகொண்டன.

மொழிபெயர்ப்பு இடறுவதும் இங்கேதான். வேர்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டு ‘ஆழ்நீர் உயிர்கள்’ என்று எழுதினால், கணுக்கால் மட்டுமே நனையும் மலையோடைக்கு அது பொருந்தாது. ‘படுகைவாழ் உயிர்கள்’ என்பது அழகான சொல்தான். ஆனால் காவிரிப் படுகை என்றதும் நமக்கு வயலும் வாய்க்காலும் டெல்டா மாவட்டங்களும் அல்லவா நினைவுக்கு வருகின்றன? ‘நீரடி உயிர்கள்’ என்பதே பொருத்தம் என்பேன். அடி என்ற சொல் ஆழத்தை அளப்பதில்லை. கடலுக்கும் அடி உண்டு, குடத்துக்கும் அடி உண்டு, ஓடைக்கும் உண்டு.

மேற்குத் தொடர்ச்சி மலையில் தெளிந்து ஓடும் ஓடை எதிலாவது கையகலக் கல் ஒன்றை மெல்லப் புரட்டிப் பாருங்கள். தட்டையான சிறு பூச்சிகள் கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டு நண்டுபோல் பக்கவாட்டில் நகரும். பின்னால் மயிரிழை போன்ற வால்கள், பெரும்பாலும் மூன்று. வயிற்றின் இரு பக்கமும் இலை இலையாகச் செவுள்கள். சிறகு முளைத்தபின் ஓரிரு நாளே வாழும் மே ஈயின் இளம்பருவம் அது. இரண்டு வால் இருந்தால் கல் ஈயாக இருக்கக்கூடும். மணலையும் சருகுத் துணுக்கையும் பட்டுநூலால் ஒட்டிக் கூடு கட்டி, அதற்குள் ஒடுங்கிக் கிடக்கும் புழு ஒன்றும் தென்படலாம். அதன் கூட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால், மணல் மணலாகத் தேர்ந்தெடுத்துப் பதித்திருப்பது தெரியும். பார்த்து முடித்ததும் கல்லை இருந்தபடியே வைத்துவிடுங்கள். அது அவற்றின் வீட்டுக் கூரை.

கழிவுநீர் கலந்த ஓடையில் இவை இருப்பதில்லை. உயிர்வளி குறைந்த சேற்றில் நெளிபவை வேறு: உடலில் ஹீமோகுளோபின் இருப்பதால் இரத்தச் சிவப்பாகத் தெரியும் சிறு ஈக்களின் புழுக்கள், மீன் தொட்டிக்குத் தீனியாக விற்கும் டியூபிபெக்ஸ் புழுக்கள். இரவில் திறந்துவிட்ட கழிவு விடிவதற்குள் அடித்துக்கொண்டு போய்விடலாம். காலையில் எடுத்த நீர் மாதிரியில் அது அகப்படாமலும் போகலாம். ஆனால் மாதக்கணக்காக அங்கேயே குடியிருக்கும் நீரடி உயிர்கள் அதை அனுபவித்திருக்கும். எவை எஞ்சின, எவை இல்லாமல் போயின என்பதே சாட்சி.

இந்தச் சாட்சியை எண்ணாக்க முயன்றவர்கள் பலர். ஜெர்மனியின் கோல்க்விட்ஸும் மார்சனும் எந்த அளவு அழுகலில் எந்த உயிர் வாழும் என்று 1908, 1909 ஆண்டுகளில் பட்டியலிட்டார்கள். பிரிட்டனில் 1970களின் பிற்பாதியில் உருவான முறையில் ஒவ்வொரு உயிரினக் குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் உண்டு. கல் ஈக் குடும்பங்கள் பலவற்றுக்கு 10. சேற்றுப் புழுக்களுக்கு 1. நம் நாட்டில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இத்தகைய மதிப்பெண்ணோடு உயிர்களின் பன்மையையும் சேர்த்து, நீர்நிலைகளை ஐந்து தரங்களாகப் பிரிக்கும் அளவுகோலை வகுத்தது.

ஓடை ஆய்வில் பெந்தோஸ் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. ‘பெந்திக் மேக்ரோ இன்வெர்டிபிரேட்’ என்ற நீண்ட தொடராகவே வரும். மேக்ரோ என்றால் பெரிது என்று எடுத்துக்கொண்டு ‘பேருரு முதுகெலும்பிலிகள்’ என்று எழுதினால், சில மில்லிமீட்டரே இருக்கும் பூச்சிக்கு யானையின் அடைமொழியைச் சூட்டியதாகிவிடும். உருப்பெருக்கி இல்லாமல் வெறுங்கண்ணால் காணலாம் என்பதுதான் அந்த மேக்ரோவின் பொருள். அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள வலையில் தங்குபவை என்பது ஆய்வாளர்கள் பரவலாகக் கொள்ளும் கணக்கு. நுண்ணோக்கியில் மட்டுமே தெரிபவற்றோடு ஒப்பிட்டு ஆங்கிலம் அவற்றைப் பெரியவை என்கிறது. கையில் ஏந்திப் பார்க்கும் நமக்கு அவை சிறியவை. ஆகவே ‘நீரடிச் சிற்றுயிர்கள்’ என்றே எழுதலாம். முதுகெலும்பு இல்லாதவை என்பதை முதல் முறை சொல்லும்போது ஒரு வரியில் விளக்கிவிட்டால் போதும்.

‘பெந்திக் சாம்பிள்’ என்பது ‘நீரடி மாதிரி’ ஆகும். அவை வாழும் பகுதி ‘நீரடித் தளம்’. “ஓடையின் மேற்பகுதியில் எடுத்த நீரடி மாதிரியில் கல் ஈக்கள் இருந்தன, சாக்கடை கலக்கும் இடத்துக்குக் கீழே ஒன்றுகூட இல்லை” என்று எழுதினால், ஓடைக்கரையில் குடியிருப்பவருக்கும் விளங்கும்.